யாருடைய சிரிப்பு?

விளம்பரத்தை எவரும் தேடிச் சென்று பார்ப்பதில்லை. அதுவே நம்மைத் தேடி வருகிறது. பத்திரிகையின் பக்கங்களுக்கிடையே பதுங்கி வருகிறது. வானொலி நாடகத்தின் நடுவே குரல் கொடுக்கிறது. தொலைக்காட்சியில் கதை உச்சத்தை எட்டும் வேளை பார்த்துக் குறுக்கிடுகிறது. அழையாத விருந்தாளியாக வருவதே அதன் இயல்பு. 2001 ஆம் ஆண்டில் இந்த இயல்பு தலைகீழாயிற்று. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. மோட்டார் நிறுவனம், தன் கார்களை அமெரிக்கச் சந்தையில் பிரபலப்படுத்துவதற்காக ஐந்து குறும்படங்களைத் தயாரித்து இணையத்தில் வெளியிட்டது. மக்கள் தாமாகவே அவற்றைத் தேடிச் சென்றனர். அந்நாளைய மந்தமான இணைப்புகளில் நெடுநேரம் காத்திருந்து, கணினியில் இறக்கிப் பார்த்தனர். தொலைக்காட்சியிலே காட்டப்பட்டவை அப்படங்களுக்கான முன்னோட்டங்கள் மாத்திரமே. அதாவது விளம்பரத்துக்கே விளம்பரம். முதல் நான்கு மாதங்களில் அவை ஒரு கோடியே 10 இலட்சம் தடவைகள் பார்க்கப்பட்டன என்று கணக்கிட்டார்கள். அவ்வாண்டில் அந்நிறுவனத்தின் விற்பனை முந்திய ஆண்டைவிட 12 சதவீதம் உயர்ந்தது என்றும் எழுதினார்கள்.

இவ்வரிசைக்கு இடப்பட்ட பெயர் ‘த ஹயர்’. கூலிக்கு அமர்த்துதல் என்பது அதன் பொருள். பெயரில்லாத ஒரு சாரதி. அவனை யாரோ கூலிக்கு அமர்த்துகிறார்கள். அவன் ஒரு பி.எம்.டபிள்யூ. காரை ஓட்டுகிறான். இதுவே எல்லாப் படங்களுக்கும் பொதுவான சட்டகம். சாரதியாக நடித்தவர் ஆங்கில நடிகர் கிளைவ் ஓவன். இயக்கியவர்களோ சாமானியர்களல்லர். ஜோன் பிராங்கன்ஹைமர், அங் லீ, வொங் கார் வாய், கை றிச்சி, அலெஹாந்திரோ இனாரிட்டு ஆகியோர் முதல் ஐந்தையும் இயக்கினர். மறு ஆண்டில் ஜோன் வூ, ஜோ கார்னஹன், ரொனி ஸ்கொட் ஆகியோர் இயக்கிய மூன்று படங்கள் சேர்ந்தன. உலகத் திரைப்பட விழாக்களில் மதிக்கப்படும் பெயர்கள் சில இப்பட்டியலில் இருப்பதனாலேயே இப்படங்களை ‘வெறும் விளம்பரம்’ என்று ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. கலை என்று உரிமை கோரி வருவதைக் கலை என்ற அளவிலேயே விசாரிப்பது நமது கடமை.

அவற்றுள் நகைச்சுவைப் படமாகிய ‘ஸ்டார்’ என்பதை இங்கே எடுத்துக்கொள்வோம். கை றிச்சி இயக்கிய இப்படம் சில நிமிடங்களிலே முடிந்துவிடும். கதை மிக எளியது. புகழின் உச்சியில் இருக்கும் ஒரு பாடகி. அவள் வாயிலிருந்து கட்டளைகளையும் வசைகளையும் தவிர வேறொன்றும் வருவதில்லை. சுற்றியிருக்கும் ஊழியர்களை அவள் மனிதராகவே எண்ணுவதில்லை. தனக்காக நிற்கும் பரிவாரத்தை ஒதுக்கிவிட்டு, நமது சாரதியின் காரில் ஏறுகிறாள். அவளுடைய மெய்காவலர்கள் வேறொரு வண்டியில் பின்தொடர்கின்றனர். அவர்களை விட்டு விலகி ஓடும்படி சாரதிக்கு ஆணையிடுகிறாள். சாரதி ஓடுகிறான், அவள் எதிர்பாராத விதமாக ஓடுகிறான். வளைவுகளில் வண்டி சுழல்கிறது. பின்னாசனத்தில் இருக்கும் நட்சத்திரம் ஒரு பக்கக் கதவிலிருந்து மறுபக்கக் கதவுக்கு மூட்டைபோல் எறியப்படுகிறாள். ஈற்றில், செங்கம்பளம் விரித்துப் படப்பிடிப்பாளர் கூட்டம் காத்திருக்கும் விழா வாயிலில், அவள் காருக்கு வெளியே வந்து விழுகிறாள். ஆடை நனைந்துபோன நிலையில் ஆயிரம் ஒளிவிளக்குகள் அவள் மேல் மின்னுகின்றன. அவளுக்குப் பாடம் புகட்டுமாறு அவளுடைய முகாமையாளரே சாரதியை அமர்த்தியிருந்தார் என்பது நமக்குத் தெரியவருகிறது. பாடகியாக நடித்தவர் மடோனா. அந்நாளில் இயக்குநரின் மனைவி.

நாம் சிரித்தோமா? சிரித்தோம். அதனை மறைப்பது விமர்சன நேர்மையாகாது. காட்சிகளின் துள்ளலும், இசைக்கும் ஓட்டத்துக்கும் இடையேயுள்ள பொருத்தமும், முகத்தில் ஒரு தசையும் அசையாமல் வளைவை எடுக்கும் சாரதியின் அமைதியும் தேர்ந்த கைகளின் வேலை. உருவச் சிறப்பில் குறை காண்பதற்கு அதிகமில்லை. ஆனால் சிரித்து முடித்த பின்னர் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. சிரித்தவர்கள் நாமே, ஆனால் அந்தச் சிரிப்பு யாருடையது?

மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இப்படம் ஓர் ஏழையின் பழிவாங்கலாகவே தோன்றும். செல்வமும் செருக்கும் பின்னாசனத்தில் அமர்ந்திருக்கின்றன; உழைப்பு முன்னாசனத்தில் அமர்ந்திருக்கிறது. காலங்காலமாக வசை கேட்டுப் பழகிய அந்த முன்னாசனம் ஒரு நாள் வாய் திறவாமலே பதில் சொல்கிறது. உலகத்து நாட்டார் கதைகள் எத்தனையோ இதனைச் சொல்லியிருக்கின்றன. புத்திசாலி வேலைக்காரன் கர்வம் பிடித்த எசமானை அவமானப்படுத்தும் கதைக்கு எந்த மொழியிலும் பஞ்சமில்லை. அக்கதையைக் கேட்கும்போது நமது நெஞ்சில் எழும் மகிழ்ச்சி பொய்யானதன்று. அது நீதிக்கான வேட்கை. மேலதிகாரியின் வசையை விழுங்கிக்கொண்டு வீடு திரும்பிய எவருக்கும் அந்த வேட்கையின் சுவை தெரியும்.

ஆனால் இப்படத்தில் நிகழ்வது அதுதானா? கதையின் முடிச்சை மீண்டும் அவிழ்த்துப் பார்ப்போம். சாரதி தன் மானத்துக்காக எழவில்லை. முகாமையாளர் கூலி கொடுத்தார். சாரதி வேலையை முடித்தான். நட்சத்திரத்தின் புகழை விற்றுப் பிழைக்கும் ஒருவர், அடங்க மறுக்கும் தமது பண்டத்தைச் சற்றுத் தட்டி வைப்பதற்கு இன்னொருவனின் கைத்திறனை வாங்குகிறார். மேலும் கீழும் புரண்டதாக நாம் நினைத்த அந்தக் கணத்தில் உண்மையில் எதுவும் புரளவில்லை. காசு கொடுப்பவர் காசு கொடுப்பவராகவும், கூலிக்காரன் கூலிக்காரனாகவுமே நிற்கின்றனர். கலகத்தின் உருவம் இருக்கிறது. உள்ளடக்கம் கட்டளைக்குக் கீழ்ப்படிதலாக இருக்கிறது. ‘த ஹயர்’ என்ற பெயர் தன்னை அறியாமலே உண்மையைச் சொல்லிவிடுகிறது.

இன்னும் ஒரு படி உள்ளே செல்வோம். இப்படம் யாருக்காக எடுக்கப்பட்டது? இதில் ஓடுவது எம்-5 என்னும் கார். ஏறத்தாழ 400 குதிரைவலு கொண்டது. கூலிக்குக் கார் ஓட்டும் எந்தச் சாரதியும் தன் சம்பளத்தில் அதனை வாங்கப்போவதில்லை. அதை வாங்கக்கூடியவன் பின்னாசனத்தின் வர்க்கத்தைச் சேர்ந்தவன். ஆயினும் படம் அவனைப் பின்னாசனத்தில் இருத்தவில்லை. ‘நீ அவளல்லன், நீ இவன்’ என்று சாரதியைச் சுட்டிக்காட்டுகிறது. வாடகை உயர்வோ, வேலை நேரமோ, காத்திருக்கும் குடும்பமோ, முதுகு வலியோ இல்லாத ஒரு சாரதி. பெயரும் ஊரும் அற்ற ஒரு சாரதி. தொழிலாளியின் வாழ்விலிருந்து அவனது உழைப்பின் சுமை முழுவதையும் கழித்துவிட்டு, திறமையையும் நிமிர்வையும் மாத்திரம் வடித்தெடுத்து, அதனை ஓர் அலங்கார உடுப்பாகத் தைத்துக் காசுள்ளவனுக்கு விற்கிறது படம். கூலி கொடுப்பவன் கூலிக்காரனின் வீரத்தை அணிந்துகொண்டு கண்ணாடியில் தன்னைப் பார்த்து மகிழ்கிறான். இதுவே இப்படத்தின் மெய்யான பண்டமாற்று. பவேரியாவின் டிங்கோல்ஃபிங் நகரத் தொழிற்சாலையில் அந்தக் காரைப் பொருத்தியெடுத்த கரங்களுக்கு இக்கதையில் இடமேயில்லை என்பதை நாம் தனியே சொல்லவேண்டியதில்லை. காரும் திறமையும் வானத்திலிருந்து விழுந்தவைபோலவே வந்து நிற்கின்றன.

அவமானத்துக்கு உள்ளாவது ஒரு பெண் என்பதும் தற்செயலன்று. அடங்காப்பிடாரியை அடக்கும் கதை மிகப் பழையது. ஷேக்ஸ்பியரும் அதனை நாடகமாக்கினார். செல்வச் செருக்கு என்னும் சமுதாயக் குற்றத்தை ஒரு பெண்ணின் வாய்த்துடுக்காகச் சுருக்கிவிட்டால், வர்க்கத்தின் மேல் எழவேண்டிய கோபம் பாலின் மேல் திரும்பிவிடும். செருக்குள்ள முதலாளி ஒருவன், இரும்புக் கம்பனியின் தலைவன் ஒருவன், ஒரு வங்கியாளன், அந்தப் பின்னாசனத்தில் எறியப்பட்டு ஆடை நனைந்து விழுந்திருந்தால் விளம்பரதாரர் அதனை ஏற்றிருப்பாரா? தம் வாடிக்கையாளரையே எள்ளி நகையாட எவரும் காசு கொடுப்பதில்லை. பாடகியைச் சிரிக்கலாம், வாங்குபவனைச் சிரிக்கக் கூடாது. மடோனா தம்மையே பகடி செய்துகொள்ளும் துணிவைச் சிலர் பாராட்டக்கூடும். அந்தத் துணிவு உண்மையானதே. எனினும் தன்னை எள்ளிக்கொள்ளும் நட்சத்திரத்தின் மதிப்பு சந்தையில் கூடுமேயன்றிக் குறையாது என்பதையும் நாம் அறிவோம்.

சிரிக்கக் கூடாத இன்னொன்றும் இப்படத்தில் உண்டு. அதுவே நமது வாதத்தின் மையம். அது கார்.

காரும் துரத்தலும் நகைச்சுவைப் படத்துக்குப் புதியவையல்ல; அவை அதன் தொட்டிலிலேயே கூடப் பிறந்தவை. 1912 இல் மக் செனற் நிறுவிய கீஸ்ரோன் படக்கூடத்தின் பொலிஸ்காரர்கள் துரத்தத் தொடங்கினால், வண்டி பிளக்கும்; சட்டத்தின் காவலர் சேற்றில் உருள்வர். அதிகாரமும் இயந்திரமும் ஒருங்கே கேலிக்குள்ளாகும். பஸ்டர் கீற்றனின் ‘ஷேர்லக் ஜூனியர்’ (1924) படத்தில், ஓட்டுபவன் விழுந்துவிட்டதை அறியாமல், மோட்டார் சைக்கிளின் கைப்பிடிமேல் அமர்ந்து ஒருவன் நகரையே கடந்து பறக்கிறான். இயந்திரத்தை நம்பும் நவீன மனிதனின் நிலை இதனினும் தெளிவாகச் சொல்லப்பட்டதுண்டா? லோரல், ஹாடி இருவரும் நடித்த ‘டூ ரார்ஸ்’ (1928) படத்தில் விடுமுறையில் வந்த இரண்டு மாலுமிகள் வாடகைக்குக் கார் எடுக்கின்றனர். வீதி நெரிசலில் தொடங்கும் சிறு சச்சரவு வளர்ந்து, வரிசையில் நின்ற கார்களை அவற்றின் சொந்தக்காரரே ஒன்றன்பின் ஒன்றாகப் பிய்த்தெறியும் பெருவிழாவாகிறது. பிரெஞ்சுக் கலைஞர் ஜக் தாத்தியின் ‘ட்ரஃபிக்’ (1971) கார்த் தொழிலையே பொருளாகக் கொண்டது. பாரிஸிலிருந்து ஆம்ஸ்ரர்டாம் மோட்டார்க் கண்காட்சிக்குப் புறப்படும் ஒரு புதுமாதிரி வண்டி, வழிநெடுகப் பழுதுபட்டும் தடைபட்டும், கண்காட்சி முடிந்த பிறகே போய்ச் சேர்கிறது.

இப்படங்கள் எல்லாவற்றிலும் மனிதன் சிரிப்புக்கு உள்ளாகிறான். இயந்திரமும் சிரிப்புக்கு உள்ளாகிறது. அங்கே சிரிப்புக்கு விலக்கானது எதுவுமில்லை. கார் என்னும் தெய்வத்தின் முன் மண்டியிடும்படி நவீன வாழ்வு வற்புறுத்தியபோது, அந்தத் தெய்வத்தின் சக்கரத்தைக் கழற்றிக் காட்டி மக்களை நிமிரச் செய்தது துரத்தல் நகைச்சுவை. ‘ஸ்டார்’ அதே மரபின் உடுப்பை அணிந்து வருகிறது. ஆனால் மரபின் முதுகெலும்பை உருவிவிட்டது. இங்கே பாடகி உருள்கிறாள், மெய்காவலர் தோற்கின்றனர், கார் மட்டும் ஒருபோதும் நகைப்புக்குரியதாவதில்லை. எல்லாரும் தடுமாறும் உலகில் தடுமாறாத ஒரே பாத்திரம் அதுதான். அவளது தலை கதவில் மோதுவதைக் கண்டு நாம் சிரிக்கும் அதே நொடியில், அந்த மோதலுக்குக் காரணமான வேகத்தைக் கண்டு வியக்கவும் பழக்கப்படுகிறோம். சிரிப்பு அவள் பங்கு. வியப்பு கார் பங்கு.

தமிழ்நாட்டுத் தெருக்கூத்திலே கட்டியக்காரன் வருவான். அரசன் கொலுவிருக்கும் மேடையிலே நின்றுகொண்டு அரசனையும் கிண்டல் செய்வான். கூத்துக்குக் காசு கொடுத்த ஊர்ப் பெரியவர்களையும் சாடையாகத் தொட்டுவிடுவான். அவனுக்கு அந்த உரிமை இருந்தமையாலேயே அவனது சிரிப்பு ஊரின் சிரிப்பாக இருந்தது. யாரோ ஒருவரைச் சிரிப்புக்கு விலக்கானவர் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதிக்கொண்டு அரங்கேறும் நகைச்சுவை, எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அரசவை விகடமேயன்றி மக்கள் கலையாகாது.

‘ஒரு சிறு வேடிக்கைப் படத்துக்கு இவ்வளவு கனத்த விசாரணை வேண்டுமா?’ என்று சிலர் கேட்கலாம். வேடிக்கை சிறியதுதான், ஆனால் அது பழக்கும் பார்வை சிறியதன்று. வேகம் நகைச்சுவையாகும் வீதியில், வீதியோரம் நடந்து செல்பவன் காணாமற் போகிறான். உலக சுகாதார நிறுவனத்தின் 2023 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் மடிகின்றனர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து செல்பவரும், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் செல்பவருமே. 400 குதிரைவலுவின் களிப்பு இந்த மக்களைத் தன் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டே பிறக்கிறது.

இவ்வரிசையின் மற்றொரு படத்தையும் அருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. இனாரிட்டு இயக்கிய ‘பவுடர் கெக்’ நகைச்சுவையன்று. லத்தீன் அமெரிக்க மண்ணில் ஒரு படுகொலையைப் படம்பிடித்த பத்திரிகைப் படப்பிடிப்பாளர் காயமுற்றுக் கிடக்கிறார். சாரதி அவரை எல்லை கடத்த முயல்கிறான். அவர் வழியில் இறந்துபோகிறார். கொல்லப்பட்ட குடியானவரின் சாட்சியம் அந்தப் படச்சுருளில் இருக்கிறது. உருக்கமான படந்தான். ஆனால் படுகொலையின் சாட்சியம் ஏறிச்செல்லும் வண்டியும் விற்பனைக்குரிய வண்டியே. நட்சத்திரத்தின் கர்வபங்கமும் குடியானவரின் குருதியும் ஒரே கடையின் கண்ணாடிப் பெட்டியில் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. ஒன்று சிரிப்பை ஈட்டும். மற்றது கண்ணீரை ஈட்டும். இரண்டும் ஒரே கணக்கேட்டில் வரவு வைக்கப்படும்.

அப்படியானால் காசு வாங்கிக்கொண்டு செய்யப்படும் கலை எதுவுமே கலையன்று என்று நாம் முடிவு கட்டிவிடலாமா? அது அவசர முடிவாகும். பரிசில் வாழ்க்கை வாழ்ந்த நமது சங்கப் புலவர்கள் புரவலரைப் பாடினார்கள்; ஆனால் நேரிற் காணாது அதியமான் அனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்து, தாம் வாணிகம் செய்பவரல்லர் என்று உணர்த்திய பெருஞ்சித்திரனாரும் அவர்களுள் ஒருவரே. புரட்சிக்குப் பின்னர் மொஸ்கோவில் மயாகோவ்ஸ்கி அரச கடைகளுக்கு விளம்பர வாசகங்கள் எழுதினார். நமது நாட்டையே பொருளாகக் கொண்ட ஓர் உதாரணமும் உண்டு. 1934 இல் பசில் றைற் இயக்கிய ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் படத்துக்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. தேயிலையை விற்பதே நோக்கம். ஆயினும் அப்படத்தின் மூன்றாம் பகுதியில், உழைக்கும் மக்களின் உருவங்கள் திரையில் அசையும்போது, ஒலிப்பதிவில் சந்தை விலைகளும் வணிகக் குரல்களும் ஒலிக்கின்றன. உழைப்பவனின் கரமும் அதற்குத் தூரத்தில் விலை நிர்ணயிக்கும் குரலும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே சட்டகத்தில் சந்திக்கின்றன. பணம் கொடுத்தவரின் வாணிகமே அங்கே பார்வைக்கு வைக்கப்பட்டுவிட்டது.

அப்படத்தை நாம் குறையற்றதென்று கொண்டாடவில்லை. தோட்டத் தொழிலாளரின் லயங்களை அது நமக்குத் திறந்து காட்டவில்லை. அவர்தம் கூலியைப் பற்றிப் பேசவுமில்லை. காலனி ஆட்சிக்குத் தோதான கனவுப் பார்வையும் அதில் உண்டு. ஆனால் விற்கவேண்டிய பொருளைக் கேள்விக்கப்பாற்பட்ட நாயகனாக அது ஆக்கவில்லை. பொருளுக்குப் பின்னால் மனிதர் இருக்கின்றனர் என்ற உணர்வை அது பார்ப்பவரிடம் விட்டுச் சென்றது. ‘ஸ்டார்’ மனிதரை அகற்றிப் பொருளை நிறுத்துகிறது. காசு யாருடையது என்பது முதற் கேள்வி. அந்தக் காசு எதைக் காட்ட அனுமதிக்கவில்லை என்பதே முடிவான கேள்வி.

2001 இல் புதுமையாக இருந்தது இன்று வழமையாகிவிட்டது. 2003 இல் கான் விளம்பர விழா இப்படங்களின் பொருட்டே ஒரு புதிய விருதை ஏற்படுத்தியது. 2016 இல் அதே சாரதியைக் கொண்டு நிறுவனம் இன்னொரு படமும் எடுத்தது. அதற்கிடையில் வேறு எத்தனையோ கம்பனிகள் இப்பாதையில் இறங்கிவிட்டன. இன்று மாணவர் கையிலிருக்கும் தொலைபேசியில் வரும் கதைகளில் எது கதை, எது விற்பனை என்று பிரித்தறிவது அறிந்தோர்க்கும் எளிதன்று. விளம்பரம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த காலத்தில் நாம் அதற்குக் கதவடைக்க முடிந்தது. அது கலையாகவும் சிரிப்பாகவும் வரும்போது, நாமே கதவைத் திறந்து பாய் விரிக்கிறோம்.

இதற்கு மாற்று சிரிப்பைத் துறப்பதன்று. முகத்தைச் சுளித்துக்கொண்டு மக்களிடம் செல்பவனை மக்கள் ஏற்பதில்லை. நாம் வேண்டுவது விழிப்புள்ள சிரிப்பு. ஆசிரியர்கள் இத்தகைய படமொன்றை வகுப்பிலே தாராளமாகக் காட்டலாம். மாணவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கட்டும். சிரிப்பு அடங்கிய பிறகு ஒரேயொரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதினாற் போதும்: ‘இந்தக் கதையில் யாரை, எதை நாம் சிரிக்கவில்லை?’

அந்தக் கேள்விக்கு விடை தேடும் மாணவன், காசு கொடுத்தவரின் கையெழுத்தைத் தானே கண்டுபிடித்துவிடுவான்.